இலத்தீனும் உழவன் மகனும்

செத்த மொழியின் இலக்கணத்தை உருப்போடுதல் வீண் என்போரின் கூற்றை நாம் இலேசாக ஒதுக்கிவிட முடியாது. இத்தாலியில் 1962ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை பதினொரு வயதிலேயே பிள்ளைகள் இரு கூறாக்கப்பட்டனர். இலத்தீன் கற்றவன் மேற்படிப்புக்குச் சென்றான். மற்றவன் தொழிற்பயிற்சிக்குத் தள்ளப்பட்டான். வேற்றுமை உருபுகள் வர்க்கத்தின் வாயிற்காவலராய் நின்றன. அவ்வாயிலைத் தகர்த்தமை நியாயமே.

ஆயினும், அந்நாட்டுப் பொதுவுடைமையாளரான அந்தோனியோ கிராம்சி பாசிசச் சிறையிலிருந்து எழுதியவை நம்மைத் தயங்க வைக்கின்றன. இலக்கணத்தைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை என்பது 1923இல் கல்விச் சீர்திருத்தம் கொணர்ந்த அமைச்சர் ஜென்ரிலேயின் கொள்கை. கேட்பதற்கு இனிய கொள்கைதான்! ஆனால் அதனால் நட்டமடைபவன் யார்? செல்வர் வீட்டுப் பிள்ளை செம்மையான மொழியைத் தாய்மடியிலேயே பெற்றுவிடுகிறது. வீட்டிலே கிளைமொழி பேசும் உழவன் மகனுக்கோ பாடசாலையன்றி வேறு புகலில்லை. அங்கும் இலக்கணத்தை மறுப்பது, கற்றோர் மொழியிலிருந்து அவனை விலக்கி வைப்பதேயாகும் என்பதைக் கிராம்சி கண்டார். இலத்தீனையும் அவர் மதித்தார். பேசுவதற்காகவன்று, பொறுமையும் நுணுக்கமும் பழகுவதற்காக.

கிராம்சியின் தராசில் உழைப்பின் தட்டுச் சற்றுத் தாழ்ந்துவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது. அத்தகைய பயிற்சியைத் தாய்மொழியின் தொடரிலக்கணமும் தரவல்லது. இலத்தீனின் இடத்தை வேறொன்று பெற்றே தீரும், அது எளிதன்று என அவரே எழுதினார். 1977இல் இத்தாலிய நடுநிலைப் பாடசாலைகளிலிருந்து இலத்தீன் முற்றாக நீங்கியது. அதே கடுமையுடைய பயிற்சியொன்று அவ்விடத்தில் உழவன் மகனுக்கு வழங்கப்பட்டதா?