வேடிக்கை பார்ப்பவனின் பொறுப்பு

செய்தவனுக்கே பழி, பார்த்தவனுக்குப் பழியில்லை என்பது உலக வழக்கு. நீதிமன்றத்திலும் பார்த்தவன் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறானேயன்றிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவதில்லை. ஆயினும், பார்ப்பவர் இல்லாவிடில் நடக்கவே மாட்டாத காரியங்கள் சில உலகில் உண்டு. அவற்றிலே பார்த்தவனும் ஒரு பங்காளியா, அல்லனா என்பது அறிவுடையோர் ஆராயத்தக்க வினாவாகும். இதனை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருங் கூட்டங்கூட்டமாக ஜனங்கள் சென்று காணும் ஸ்டாக் கார் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். அதிலே மகிழ்ச்சியும் உண்டு, தோழமையும் உண்டு, உயிராபத்தும் உண்டு. ஆகவே வினாவின் எல்லாப் பக்கங்களையும் அது காட்டும்.

ஸ்டாக் கார் என்பது யாது? பந்தயத்திற்கென்றே செய்யப்பட்ட வண்டியாக இல்லாமல், கடையில் எவரும் விலைக்கு வாங்கக்கூடிய மோட்டார் வண்டி என்பதே அச்சொல்லின் ஆதிப் பொருள். தென் மாநிலங்களில் கள்ளச் சாராயம் கடத்தியவர்கள், போலீஸாருக்குத் தப்பும் பொருட்டுத் தங்கள் வண்டிகளைத் திருத்தி வேகமாக ஓட்டிப் பழகியது இவ்விளையாட்டின் வேர்களுள் ஒன்று. 1948-ஆம் ஆண்டில் பில் பிரான்ஸ் என்பவரின் தலைமையில் நாஸ்கார் என்னும் சங்கம் நிறுவப்பட்டது. அதற்கு முன்னரே புளோரிடாவிலுள்ள டேட்டோனாக் கடற்கரையின் மணலிலே பந்தயங்கள் நடந்து வந்தன. காசு கொடாமல் மணற்குன்றுகளின் வழியே நுழைவோரைத் தடுப்பதற்காக, ‘நச்சுப் பாம்புகள் உண்டு, எச்சரிக்கை’ என்று பலகை நட்டுவைத்தார்களாம். பார்க்கும் ஆசை மனிதனுக்கு எவ்வளவு வலியது என்பதற்கு இதுவே போதிய சான்று. இன்றைய பந்தய வண்டிகள் தோற்றத்தில் மட்டுமே கடை வண்டிகளை ஒத்தவை; உள்ளே முழுதும் பந்தய யந்திரங்கள்.

வீட்டிலிருந்தபடியே தொலைக்காட்சியில் காணக்கூடிய ஒன்றை, பொருள் செலவிட்டு, நெடுந்தூரம் பிரயாணம் செய்து, வெயிலில் உட்கார்ந்து காண்பது எதற்காக? நேரில் சென்று வந்தோர் முதலிற் கூறுவது ஓசையைப் பற்றியே. நாற்பது வண்டிகள் ஒன்றாகப் பாயும்போது எழும் அவ்வோசையைக் காது கேட்பதற்கு முன் நெஞ்செலும்பு உணர்ந்துவிடுகிறது. காதடைப்பான் இல்லாமல் வராதே என்பதே பழகியவர் புதியவருக்குச் சொல்லும் முதற் பாடம். வண்டிக் கூட்டம் எதிரே கடக்கையில் காற்று முகத்தில் அறைகிறது. எண்ணெய்ப் புகையும் கருகிய ரப்பரின் நாற்றமும் சூழ்கின்றன. டயர்களிலிருந்து உரிந்த சிறு துணுக்குகள் கம்பி வேலியைக் கடந்து முன் வரிசையார் மேலும் அவர் உண்ணும் உணவின் மேலும் விழுகின்றன. தாழ்ந்த வரிசையில் அமர்ந்தவனுக்கு வண்டிகள் வர்ணக் கோடுகளாகவே தெரியும். உயர்ந்த வரிசையில் அமர்ந்தவனுக்கே பந்தயத்தின் போக்கு விளங்கும். ஆதலால் விளையாட்டின் நுட்பத்தை விரும்புபவன் மேலே ஏறுகிறான். வேகத்தை உடம்பால் அறிய விரும்புபவன் வேலியருகே இறங்கி வருகிறான்.

பலர் காதிலே ஒலிக்கருவி அணிந்து, ஓட்டுநர் தம் குழுவினரோடு வானொலியிற் பேசுவதை அப்படியே கேட்கின்றனர். தொலைக்காட்சி பெரும்பாலும் முன்னே ஓடுபவனைக் காட்டும். நேரில் இருப்பவனோ, முப்பதாம் இடத்தில் ஓடும் ஒருவனையே பந்தயம் முழுதும் கண்ணால் தொடர்ந்து, அவனுடைய கோபத்தையும் சோர்வையும் அவன் குரலிலேயே கேட்டுக்கொண்டிருக்கலாம். பந்தயம் நடப்பது சில மணி நேரம். அதைச் சூழ்ந்த வாழ்க்கையோ பல நாள். அலபாமா மாநிலத்து டல்லடேகா போன்ற களங்களில் ஜனங்கள் முன்கூட்டியே வந்து கூடாரம் அடிக்கின்றனர். அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டு, முன்பின் அறியாதவனையும் அழைத்து உண்பிக்கின்றனர். தந்தை ஆதரித்த ஓட்டுநரின் எண்ணை மகனும் தன் சட்டையில் அணிகிறான். இத்தோழமை பொய்யன்று. இதனை இகழ்ந்து பேசுவது, மனித இயல்பை அறியாமல் பேசுவதாகும்.

இனி, கண்டிப்போர் கூற்றைக் கவனிப்போம். “இவர்கள் வண்டியோட்டத்தைக் காண வருவதாகச் சொல்லுகிறார்கள், உண்மையில் விபத்தைக் காணவே வருகிறார்கள்” என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. இக்குற்றச்சாட்டு புதியதன்று. பழைய ரோமாபுரியிலே அலிப்பியஸ் என்னும் இளைஞன், வாட்போர்க் களத்திற்கு நண்பரால் இழுத்துச் செல்லப்பட்டு, பார்க்க மாட்டேன் என்று கண்களை மூடிக்கொண்டிருந்தானாம். கூட்டத்தின் பேரிரைச்சல் காதில் விழவே கண்ணைத் திறந்தான். திறந்த பின் மூட இயலாதவனானான். இவ்வரலாற்றை அவனுடைய நண்பர் அகஸ்டீன் எழுதி வைத்துள்ளார். கூட்டத்தின் நடுவே தனி மனிதனுடைய மனச்சான்று எவ்வளவு எளிதில் தளர்ந்துவிடுகிறது என்பதை அதனால் அறிகிறோம்.

ஆனால் ஸ்டாக் கார் ரசிகரை ரோமாபுரிக் கூட்டத்தோடு ஒன்றாக வைப்பது நீதியாகாது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ல், டேட்டோனாப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், டேல் எர்ன்ஹார்ட் என்னும் புகழ் பெற்ற ஓட்டுநர் சுவரில் மோதி இறந்தார். அவருடைய வண்டியின் எண் மூன்று. அவ்வாண்டு பின்வந்த பந்தயங்களில் மூன்றாவது சுற்று வரும்போதெல்லாம் ரசிகர்கள் எழுந்து நின்று, மூன்று விரல்களை உயர்த்தி மௌனம் காத்தனர். மரணத்தைச் சுவைக்க வந்த கூட்டம் இவ்வாறு துக்கங் காக்குமா? அவர்கள் காண வந்தது, ஒருவன் அபாயத்தின் விளிம்பில் நின்று அதனை வெல்லும் திறமையையே என்பது தெளிவு.

இதனால் வழக்குத் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. ரசிகன் கொடியவன் அல்லன் என்பது ஒன்று. பொறுப்பற்றவன் என்பது வேறொன்று. கூட்டத்தின் விருப்பமே களத்தின் வடிவத்தை அமைக்கிறது. 1959-ல் திறக்கப்பட்ட டேட்டோனாக் களத்தின் வளைவுகள் 31 பாகை சாய்வாகக் கட்டப்பட்டன. வேகம் குறையாமல் வண்டிகள் திரும்புவதற்கும், அவற்றைக் கூட்டத்தார் நன்கு காண்பதற்கும் அச்சாய்வு உதவிற்று. 1969-ல் திறக்கப்பட்ட டல்லடேகாவில் அது 33 பாகையாயிற்று. அங்கே வேகம் மிகுந்து டயர்கள் சிதைந்தன. முதற் பந்தயத்துக்கு முந்தைய நாள், ரிச்சர்டு பெட்டி முதலிய முன்னணி ஓட்டுநர்கள், ‘இந்த டயர்களை நம்பி ஓட்ட மாட்டோம்’ என்று களத்தை விட்டு வெளியேறினர். பில் பிரான்ஸ் கிடைத்த ஓட்டுநரைக் கொண்டு செப்டம்பர் 14-ல் பந்தயத்தை நடத்தியே தீர்த்தார். அன்றைய டிக்கட்டைக் கொண்டு பின்னொரு பந்தயத்தையும் இலவசமாகக் காணலாம் என்று கூட்டத்தாருக்கு அறிவித்தார்.

வேலைநிறுத்தம் என்பதன் பொருளைத் தோட்டத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. ‘இக்கருவி என்னைக் கொல்லும்’ என்று உழைப்பாளி கையை எடுத்துவிட்ட பின்னர், அவ்வுழைப்பின் பயனை நுகர வந்தவன் அவ்விடத்திலேயே உட்கார்ந்திருப்பானாயின், அவன் ஒரு பக்கம் சேர்ந்தவனாகிறான். அவன் வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை, உட்கார்ந்திருப்பதே போதும். தூரத்திலிருந்து வந்தவன், பணம் கொடுத்தவன் என்ற சமாதானம் கூறலாம். அந்த டிக்கட் வேறொரு நாளுக்கும் செல்லும் என்றான பிறகு, எழுந்து போவதால் அவன் இழப்பது வழிச்செலவு ஒன்றே. அன்றைக்கு உயிர்ச்சேதம் ஏதும் நேரவில்லை. ஆயினும் நேர்ந்திருந்தால் யாருடைய கணக்கில் எழுதுவது என்ற கேள்வி அதனால் அழிந்துவிடாது.

இக்கேள்வி பிற்காலத்தில் பார்ப்பவரிடமே வந்து சேர்ந்தது. 1987-ல் அதே டல்லடேகாவில், தகுதிச் சுற்றில் பில் எலியட் மணிக்கு 212 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்டினார். சில நாட்களில் நடந்த பந்தயத்திலே பாபி அல்லிசனின் வண்டி டயர் வெடித்து, ஆகாயத்தில் எழும்பி, கூட்டத்தின் முன்னிருந்த கம்பி வேலியைக் கிழித்தது. பார்த்துக்கொண்டிருந்தோர் சிலர் காயமுற்றனர். அதன் பின் 1988 முதல், யந்திரத்திற்குச் செல்லும் காற்றைக் குறைக்கும் துளைத் தகடு இப்பெருங்களங்களில் கட்டாயமாக்கப்பட்டது. வேகம் குறைந்தது. ஆனால் எல்லா வண்டிகளும் ஏறக்குறைய ஒரே வேகமுடையனவாகி, ஒன்றையொன்று ஒட்டி, கூட்டமாக ஓடலாயின. ஒரு வண்டி தவறினால் பத்து இருபது வண்டிகள் மோதும் நிலை ஏற்பட்டது. ‘பெரியது’ என்றே அத்தகைய விபத்துக்கு ரசிகர்கள் பெயரிட்டு, இன்று வருமா, எப்போது வரும் என்று பேசிக்கொள்ளலாயினர். காப்பதற்காக வந்த தகடே ஒரு புதிய வேடிக்கையைப் படைத்தது. அதனைக் காணக் காசு கொடுத்தோரும் அப்படைப்பிலே பங்குடையவர் என்பதை எவ்வாறு மறுப்பது? 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ல் டேட்டோனாவில் ஒரு வண்டி வேலியில் மோதிச் சிதறி, அதன் யந்திரமும் சக்கரமும் கூட்டத்தினிடையே பாய்ந்தபோது, இருபத்தெட்டுப் பேருக்குக் குறையாமல் காயமடைந்தனர்.

இப்பந்தயங்களின் தொடக்கத்தில் ஒரு பாதிரியார் நின்று ஜெபம் செய்வது வழக்கம். ஜெபம் எர்ன்ஹார்ட் இறந்த நாளுக்கு முன்னும் நடந்தது, பின்னும் நடக்கிறது. மாறியது வேறு. தலையையும் கழுத்தையும் தாங்கும் பட்டைக் கருவி 2001 அக்டோபரில் கட்டாயமாக்கப்பட்டது. மோதலின் வேகத்தை உள்வாங்கும் சுவர்கள் 2002 முதல் களங்களில் அமைக்கப்பட்டன. அதன் பின் இருபதாண்டுக் காலத்தில், அவ்வுயர்தரத் தொடரின் பந்தயங்களில் ஓட்டுநர் ஒருவரும் இறக்கவில்லை. காத்தது எது என்பதைப் பகுத்தறிவாளர் தாமே தீர்மானிக்கலாம்.

அபாயத்தைப் பற்றி இதுவரை பேசினோம். பார்ப்பவனின் பொறுப்பு அதனோடு நிற்பதில்லை. அவனுக்குப் பக்கத்தில் உட்காருபவன் யார், உட்கார முடியாதவன் யார் என்பதும் அவனைச் சேர்ந்ததே. வெண்டெல் ஸ்காட் என்ற கறுப்பின ஓட்டுநர், 1963 டிசம்பர் 1-ல் புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நடந்த பந்தயத்தில் வென்றார். ஆனால் வெற்றி வேறொருவருக்கு அறிவிக்கப்பட்டு, கோப்பையும் அவருக்கே வழங்கப்பட்டது. கூட்டம் கலைந்து சில மணி நேரம் சென்ற பின்னரே, கணக்குப் பிழையென்றும், ஸ்காட் இரண்டு சுற்று முந்தி வென்றாரென்றும் ஒப்புக்கொண்டனர். வெள்ளையர் கூட்டத்தின் எதிரே ஒரு கறுப்பர் கோப்பை ஏந்தி நிற்பதை அதிகாரிகள் விரும்பவில்லை என்பதே பலருடைய கருத்து. ஸ்காட் 1990-ல் இறந்தார். அவருடைய குடும்பத்தார் கையில் கோப்பை வந்தது 2021-ல்.

அடிமை முறையைக் காப்பதற்காக 1861 முதல் 1865 வரை போரிட்ட தென் மாநிலங்களின் கொடி, பல்லாண்டுகளாக இக்களங்களின் கூடாரங்கள் மேல் பறந்தது. அக்கொடியின் கீழ் விருந்தும் நடந்தது. அந்நியனை அழைத்து உண்பித்தலும் நடந்தது. ஆனால் அக்கொடியைக் கண்டு வாயிலிலேயே கால் தயங்கியவனுக்கு அவ்விருந்து எட்டுமா? 2015-ல் சங்கம், கொடியை விட்டுவிடும்படி வேண்டிக்கொண்டது; டேட்டோனாவில் அதற்குப் பதிலாக நாட்டுக் கொடி தருவதாகவும் சொல்லிற்று. பலருடைய கொடி இறங்கவில்லை. கறுப்பின ஓட்டுநரான பப்பா வாலஸ் வெளிப்படையாகக் கேட்ட பின், 2020 ஜூன் 10-ல் அது முற்றிலும் தடை செய்யப்பட்டது. தடைக்குப் பின் டல்லடேகாவின் வெளியே கொடி தூக்கி எதிர்த்தவர்களும் உண்டு. உள்ளே வாலஸின் வண்டியைச் சக ஓட்டுநர் யாவரும் சேர்ந்து தள்ளி முன்னே கொண்டுவந்து நிறுத்தியதும் உண்டு. அடுத்த ஆண்டு, 2021 அக்டோபரில், அதே களத்தில் வாலஸ் வென்றார். ஸ்காட்டுக்குப் பின் அவ்வுயர்தரத் தொடரில் ஒரு கறுப்பர் வெல்வதற்கு ஏறத்தாழ ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. சட்டம் உள்ளத்தை மாற்றாது என்று கூறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடி பிடித்தவனுடைய உள்ளம் மாறும் வரை காத்திரு என்று, வாயிலில் நிற்பவனிடம் சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

ஆகவே என் முடிவு இதுவே. வேடிக்கை பார்ப்பது பாவமன்று. மனிதன் மனிதனுடைய திறமையைக் கண்டு மகிழ்வது இயல்பும் நலமும் ஆகும். ஆனால் பார்ப்பதும் ஒரு செயலே. செயல் என்றால் கணக்கும் உண்டு. தான் காணும் காட்சியின் விலையை யார் கொடுக்கிறார் என்று அறிந்துகொள்வது பார்ப்பவனுடைய முதற் கடமை. காட்சி சற்றே சுவை குறைந்தாலும், ஆடுபவனுடைய உயிரைக் காக்கும் ஏற்பாட்டை வரவேற்பது இரண்டாம் கடமை. தன் அருகிலுள்ள இடம் யாருக்கும் மூடப்படவில்லை என்று உறுதி செய்துகொள்வது மூன்றாம் கடமை. இம்மூன்றையும் செய்பவன் எந்தக் கூட்டத்திலும் தலைநிமிர்ந்து உட்காரலாம். செய்யாதவன், ‘நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்’ என்று சொல்லும்போது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுகிறான்.