பால் பத்தலை என்று யார் சொன்னது?

பிரசவ வார்டில் கட்டிலைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். பிள்ளை வீறிட்டு அழுகிறது. "பால் ஊறலை போல." "பத்தலைடி, பாரு எப்படி அழுவுதுன்னு." "எதுக்கும் ஒரு பவுடர் டப்பா வாங்கியாந்துடுங்க." மகளே, தையல் வலியோடு படுத்திருக்கும் உன் காதில்தான் இவ்வளவும் விழுகிறது. பத்து மாதம் சுமந்து ஓர் உயிரை முழுசாக உருவாக்கித் தந்த உடம்பு அது. பிள்ளை பிறந்து ஆறு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் "உன்னால் ஆகாது" என்று தீர்ப்பு! அந்தத் தீர்ப்பில் நீ கையெழுத்துப் போடாதே.

பிறந்த அன்றைக்குப் பிள்ளையின் வயிறு எவ்வளவு கொள்ளும் தெரியுமா? ஒரு வேளைக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அந்த டீஸ்பூனுக்குத் தகுந்த அளவில்தான் சீம்பால் சுரக்கிறது, மஞ்சளாக, பிசுபிசுப்பாக, கொஞ்சமாக. நோயை எதிர்க்கும் சத்து செறிந்த பால் அது. அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை வைத்த காலம் ஒன்று இருந்தது. சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட வேண்டும். சிசேரியன் ஆனவளும் போடலாம். நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் கேள். கெஞ்ச வேண்டாம், உரிமையோடு கேள்.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துத் தீர்மானிக்காதே. பிள்ளை ஈரத்துக்கு அழும், குளிருக்கு அழும், உன் சூடு வேண்டும் என்றும் அழும். முதல் வாரம் கழிந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போகிறதா? பிறந்ததும் சற்று இறங்கிய எடை இரண்டு வாரத்துக்குள் பழைய இடத்துக்குத் திரும்பி, அதற்குப் பிறகு ஏறிக்கொண்டே வருகிறதா? ஆம் என்றால் பால் போதுகிறது. நனைந்த துணியும் தராசு முள்ளும் சாட்சி சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாய்க்கு என்ன மரியாதை?

பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். அது சப்பும்போது உன் உடம்பில் புரோலாக்டின் ஊறுகிறது. இரவு நேரத்தில் கூடுதலாக ஊறுகிறது. பயந்துபோய் ஒரு வேளை புட்டியைக் கொடுத்தால் அந்த வேளை பிள்ளை உன்னிடம் சப்பவில்லை. அந்த அளவுக்குச் சுரப்பு குறைகிறது. நாலு நாளில் நிஜமாகவே பத்தாமல் போகிறது. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்கிறார்கள். நன்றாகச் சுரந்திருக்க வேண்டிய மார்பை இப்படித்தான் பயம் காட்டி வற்ற வைக்கிறார்கள். எனக்கு இதில் தாங்க முடியாத கோபம் உண்டு. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை நூற்றுக்கு 55தான். மீதிக் குழந்தைகளின் அம்மாக்களுக்கெல்லாம் பால் இல்லையா? பலரிடம் பால் இருந்தது. பக்கத்தில் நின்று தைரியம் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில தாய்மாருக்கு உண்மையாகவே சுரப்பு குறைவு. சில குழந்தைகளுக்கு மருத்துவக் காரணத்தால் வேறு பால் தேவைப்படும். டாக்டர் எடை பார்த்து, பரிசோதித்துச் சொன்னால் தலை நிமிர்ந்து கொடு. அதனால் நீ ஒரு பிடி அளவும் குறைந்த தாய் ஆகிவிட மாட்டாய்.

படிக்காதவள், பயந்தவள், உனக்கென்ன தெரியும் என்று யாராவது உன்னை அடக்கினால் பங்களாதேஷ் அம்மாக்களை நினைத்துக்கொள். 1971 போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் போன்காவ் முகாமில் காலராவில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்ன செய்தார்? உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே டம்ளரைக் கொடுத்தார். குடிக்கக் கொடுங்கள், கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980-ல் தொடங்கிப் பத்து வருஷம் பங்களாதேஷின் கிராமம் கிராமமாகப் பெண் ஊழியர்களை அனுப்பியது. அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு, பேதி வந்த பிள்ளைக்குக் கலந்து கொடுக்க மூன்று விரல் நுனியால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா தன் கையால் கலந்து காட்ட வேண்டும். ஊழியர்கள் போன பிறகு வேறொருவர் வந்து அம்மாவிடம் விசாரிப்பார். அவள் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாளோ அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம்! மாணவி மறந்தால் ஆசிரியருக்கு நஷ்டம். ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் இப்படி ஏறி இறங்கினார்கள். கரண்ட் இல்லாத, ரோடு இல்லாத, வெள்ளம் சூழ்ந்த ஊர்களில் அந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை மூன்று விரலால் காப்பாற்றினார்கள். உனக்கு அதைவிட எவ்வளவோ வசதி இருக்கிறது, மகளே. நீ ஏன் நடுங்குகிறாய்?

இன்று நாம் விரலால் அளக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே உப்பு-சர்க்கரைக் கலவை ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கொட்டிக் கரை. பாதிப் பொட்டலம், பாதித் தண்ணீர் என்று கண்ணளவில் விளையாடாதே. ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கால் முதல் அரை டம்ளர் வரை ஸ்பூனால் ஊட்டு. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி மெதுவாக ஊட்டு. 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரை. தாய்ப்பாலை நிறுத்தாதே. நர்ஸ் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முழுக்கக் கொடு. கடையில் அட்டை டப்பாவில் தித்திப்பாக விற்பதெல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகாது; உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்கு. "பேதி ஆகும்போது தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்" என்று யார் சொன்னாலும் கேட்காதே. உடம்பின் நீர் வறட்சிதான் கொல்கிறது.

அப்பாவான தம்பி, நீ வாசலில் போன் பார்த்துக்கொண்டிருக்காதே, உள்ளே வா. பங்களாதேஷிலும் முதலில் இந்தச் சிக்கல்தான். அம்மாக்களுக்கு மட்டும் கற்றுக் கொடுத்தபோது வீட்டு ஆண்கள் நம்பவில்லை, சொன்னபடி செய்ய விடவில்லை. பிறகு ஆண்களையும் கூட்டி உட்காரவைத்துப் பேசிய பிறகுதான் வேலை நடந்தது. பிள்ளைக்குச் சூடு தருவதிலும் உனக்குப் பங்கு உண்டு, கேள். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் டாக்டர் எட்கர் ரே இன்குபேட்டர் போதாமல் திண்டாடியபோது, எடை குறைந்த சிசுக்களைத் தாயின் வெறும் மார்பிலேயே கட்டி வைக்கச் சொன்னார். அதுதான் இன்று நம் ஆஸ்பத்திரிகளில் சொல்லும் கங்காரு பராமரிப்பு. பிறந்த கையோடு இதைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று டெல்லி சப்தர்ஜங் உள்ளிட்ட ஐந்து ஆஸ்பத்திரிகளில் சோதித்தார்கள். 2021-ல் வெளிவந்த முடிவு: சின்னஞ்சிறு சிசுக்களின் சாவு நாலில் ஒரு பங்கு குறைந்தது. அவள் களைத்துத் தூங்கும் நேரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நீ மார்பில் வாங்கிக்கொள்ளலாம். உன் நெஞ்சுக்கும் சூடு உண்டு. பால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உன்னாலும் முடியும்.

தைரியம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துப் பார்த்துவிடவும் கூடாது. இருமல் சளியோடு பிள்ளை மூச்சு வாங்குகிறதா? அழாமல் இருக்கும்போது மடியில் கிடத்து. சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதைப் பார். கடிகாரத்தில் ஒரு நிமிஷம் முழுக்க எண்ணு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60-ஐத் தொட்டால், ஒரு வயது வரை 50-ஐத் தொட்டால், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40-ஐத் தொட்டால், உடனே டாக்டரிடம் ஓடு. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், வலிப்பு வந்தாலும், பால் குடிக்க முடியாமல் துவண்டாலும் நேரம் பார்க்காதே, 108-ஐக் கூப்பிடு. சகுனம், ராத்திரி, அமாவாசை எதுவும் குறுக்கே வரக் கூடாது. தொக்கம் எடுக்கிறேன் என்று மூக்கிலும் வாயிலும் ஊத வருபவரிடம் பிள்ளையைக் கொடுக்காதே. மெடிக்கல் ஷாப்பில் போய் "சளிக்கு ஒரு மருந்து" என்று கையை நீட்டாதே.

இதைப் படித்துவிட்டு மாமியாரிடம் சண்டைக்குப் போய்விடாதே. வெந்நீர் காய்ச்சித் தருவதும், பத்தியச் சமையல் செய்வதும், நீ தூங்கப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதும் அவர்தானே. அந்தக் கையைப் பிடித்துக்கொள். "அத்தை, தேன் மட்டும் ஒரு வயசு வரைக்கும் வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, காதுல மூக்குல எண்ணெயும் விட வேண்டாம்" என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல். பணிவும் உறுதியும் ஒரே வாயில் இருக்க முடியும்.

ஆறு மாதம் முடிந்ததும் சோற்றை ஊட்டு. தண்ணீராகக் கஞ்சி வேண்டாம், ஸ்பூனைக் கவிழ்த்தால் சட்டென்று வழியாத பதத்தில் பருப்பும் நெய்யும் கலந்து மசித்துக் கொடு. கேழ்வரகுக் கூழ், முட்டை, முருங்கைக்கீரை எல்லாம் நம் ஊரிலேயே இருக்கிறது. இருந்தும் அதே குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை! டீயில் பிஸ்கட் தொட்டுக் கொடுப்பதை முதலில் நிறுத்து. போனைக் காட்டி ஊட்டாதே. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காக்காயைக் காட்டு, உன் முகத்தைக் காட்டு.

உன்னையும் பார்த்துக்கொள், மகளே. பிரசவமான முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை, தூக்கம் இல்லை, பிள்ளையைப் பார்த்தால் ஒட்டவில்லை, செத்துவிடலாமா என்று தோன்றுகிறது என்றால் அது ஒரு நோய். ரத்தசோகை மாதிரி, சர்க்கரை மாதிரி அதற்கும் மருந்து உண்டு. குணமாகும். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். "பெத்தவ எல்லாரும் இப்படித்தான், சும்மா நடிக்காதே" என்று சொல்பவரின் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொள்ளாதே. வாய் திறந்து கேட்ட பெண்தான் வீரமான பெண்.

நாளைக்கு என்று தள்ளாதே. இன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வை. தடுப்பூசி அட்டையை எடுத்து அடுத்த தேதியைப் பார். தவறிப்போயிருந்தால் வெட்கப்படாமல் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கொண்டுபோய்க் காட்டு, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். 108, மருத்துவ ஆலோசனைக்கான 104, 14416 மூன்றையும் உன் போனிலும் உன் வீட்டுக்காரர் போனிலும் பதிந்து வை. பிறகு பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள். உன்னால் முடியும், மகளே. எழுந்திரு.