கடல்மீன் தொட்டியும் ஐந்து அதிசாரங்களும்



நம் சமுதாயத்து இளந்தம்பதியர் சிலர் என்னிடம் ஒரு வினாவை எழுப்பி வருகின்றனர். "வீட்டில் சிறியதாக ஒரு கடல்மீன் தொட்டி வைக்க விரும்புகிறோம். இதுவே முதல்முறை. எத்தகைய தொட்டியைத் தேர்ந்தெடுப்பது? அது நம் அறத்திற்கு ஒக்குமா?" என்பது அவ்வினா. கடைக்காரர் முதற்பகுதிக்கும் பண்டிதர் பிற்பகுதிக்கும் விடை சொல்லட்டும் என்று பிரித்துவிட முடியாது. இரண்டிற்கும் விடை நம் ஒழுக்க நூலிலேயே கிடைக்கிறது.

ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறியுள்ளார். உறுப்பை அறுத்தல், கட்டி வைத்தல், துன்புறுத்தல், தாங்காத சுமை ஏற்றல், உணவைத் தடுத்தல் என்பன அவை. உயிரைப் போக்காமலேயே விரதத்திற்கு மாசு சேர்க்கும் குற்றங்கள் இவை. ஏர் மாட்டையும் வண்டி மாட்டையும் காட்டியே நம் பெரியோர் இவற்றை விளக்கினர். மாட்டுக் கொட்டில் மறைந்த வீடுகளில் இன்று கண்ணாடித் தொட்டி வந்திருக்கிறது, அதிசாரங்கள் மாறவில்லை.

தொட்டி என்பதே கட்டி வைத்தல்தான். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆகவே வாங்காதிருப்பதே சிறந்த தேர்வு என்பது என் கருத்து. ஆயினும் பல வீடுகளில் குழந்தைக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சில வீடுகளில் தொட்டியே வந்திறங்கிவிட்டது. வந்த உயிர் வருந்தாதிருக்க வேண்டுமே! எனவே மேலும் சொல்கிறேன்.

சிறிய தொட்டி எளிது என்று எல்லாரும் நினைக்கின்றனர். கடல்நீரைப் பொறுத்தவரை இது தலைகீழான எண்ணம். பள்ளிக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. 40 லிட்டர் தொட்டியில் மொத்தம் 1400 கிராம். கோடையில் 5 லிட்டர் ஆவியாகிப் போனால் நீர்தான் போகும், உப்பு போகாது. எஞ்சிய 35 லிட்டரில் அதே 1400 கிராம். அதாவது லிட்டருக்கு 40 கிராம். 200 லிட்டர் தொட்டியில் அதே 5 லிட்டர் குறைந்தால் உப்பின் அளவு 36 கிராமைக்கூட எட்டாது. வெப்பமும் அப்படியே. இம்மீன்களுக்கு நீர் 25 முதல் 27 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் சிறு தொட்டி விரைவில் கொதிப்பேறும். குளிர்விக்கும் கருவி தொட்டியைவிட விலை கூடியதாகவும் இருக்கலாம். அந்தச் செலவுக்கு மனமில்லாதவர் தொட்டி வாங்கவே வேண்டாம். மின்தடை வந்தால் நீரில் உயிர்க்காற்று குறையும். மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றும் கையிருப்பில் வேண்டும்.

100 லிட்டருக்குக் குறைந்த தொட்டியை முதல்முறை வாங்குவோர் தவிர்ப்பது நலம். அதன் நீர் மட்டுமே 100 கிலோவுக்கு மேல் நிறைகொள்ளும். மேசை உறுதியாக இருக்கட்டும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத தூயநீரையே ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றினால் உப்பு மேலும் ஏறும். அத்தொட்டியில் ஒரு சோடி கோமாளி மீன் போதும். அதற்குமேல் வண்ணம் வேண்டும், கூட்டம் வேண்டும் என்று சேர்ப்பதுதான் தாங்காத சுமை ஏற்றல். கடைகளில் கண்ணைப் பறிக்கும் நீலமீன் ஒன்று உண்டு. கையகலமாக இருக்கும்போது விற்பார்கள். அது ஓர் அடி நீளம் வளரக்கூடியது, நெடுந்தொலைவு நீந்தும் இயல்புடையது.

அடுத்தது பொறுமை. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது, அது நஞ்சு. சில நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம், சில வேளை அதற்கு மேலும், ஆகும். மீனே இல்லாமல், சிறிதளவு அமோனியாவை நீரில் சேர்த்து இதைச் செய்யலாம். சோதனையில் அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்த பின்னரே மீன் வர வேண்டும். ஆனால், "விலை குறைந்த மீன் இரண்டை முதலில் விடுங்கள், செத்தாலும் நட்டமில்லை, தண்ணீர் பழகிவிடும்" என்று சொல்லும் வழக்கம் இத்தொழிலில் நெடுநாளாக உண்டு. செவுள் எரிந்து துடிக்கும் ஐயறிவுயிருக்கு விலை குறைவு, விலை மிகுதி என்பது ஏது? துன்புறுத்தல் என்னும் அதிசாரத்திற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடியைக் குழந்தைகள் தட்டுவதும் இவ்வகையே. மீனின் பக்கக்கோட்டு உறுப்பு நீரின் சிற்றதிர்வையும் உணரும்.

மீன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பிலிப்பைன்சில் 1960களில் தொடங்கிய ஒரு கொடிய முறை, சயனைடு நஞ்சைப் பவளப்பாறை இடுக்குகளில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிப்பது. அதில் பவளமும் பிற உயிர்களும் மடிகின்றன. நம் நாட்டில் மண்டபம், விழிஞ்ஞம் ஆகிய இடங்களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்திருக்கின்றனர். அவ்வாறு பிறந்த மீனையே கேட்டு வாங்குக. பண்ணையில் பிறந்ததால் கட்டு கட்டில்லாமல் போகாது. கடலிலிருந்து ஒன்றைப் பிரித்த குற்றமாவது குறையும். பவளம், கடற்குதிரை இரண்டையும் கேட்கவே வேண்டாம். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பவளத்தைத் துண்டு துண்டாக வெட்டி வளர்ப்பதை அயல்நாட்டார் கலையாகப் போற்றுகின்றனர். அறுத்தல் என்னும் அதிசாரம் நமக்கு நினைவிருக்கட்டும்.

இனி, மிகக் கடினமான இடம். கோமாளி மீன் என்ன உண்ணும்? கடைகளில் கிடைக்கும் உணவுமணிகளில் பெரும்பாலும் மீன்தூளும் இறால்தூளும் கலந்திருக்கும். உறைந்த இறாலும் விற்கிறார்கள். பாலும் தயிரும் வைக்கும் குளிர்பெட்டியில் அதை வைக்க நம் வீட்டுப் பெண்டிர் ஒருப்படுவரா? "நம் வீட்டு மீன் நம்மைப் போலவே இருக்கட்டும்" என்று சோற்றுப் பருக்கையும் ரொட்டித் துண்டும் போடுகிறவர்களும் உண்டு. அது அகிம்சை ஆகாது. அவ்வுயிரின் உடற்கூறு வேண்டும் உணவை மறுப்பது ஐந்தாம் அதிசாரமாகும். மீனும் மெலிந்து சாகும். மாண்டரின் என்னும் அழகிய மீன் பெரும்பாலும் உயிருள்ள நுண்ணிய இரையைத் தவிர வேறெதையும் தீண்டாது. விவரமறியாதவர் வீட்டில் அது பட்டினியால் மடிகிறது. ஆக, ஊட்டினால் பிற உயிரின் உடல், ஊட்டாவிடில் இவ்வுயிரின் பசி. இதற்கு நடுவழி இல்லை. தொட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது இதைத்தான்; விளக்கின் நிறத்தை அப்புறம் பேசலாம்.

கோமாளி மீன் நல்ல பராமரிப்பில் பத்தாண்டுக்கு மேலும் வாழும். தொட்டி வாங்கக் கேட்ட பிள்ளை அதற்குள் கல்லூரிக்குப் போயிருப்பான். அப்போது சிலர், அபயதானம் என்று எண்ணிக் கடலில் கொண்டுபோய் விட நினைப்பர். அன்புகூர்ந்து அதைச் செய்யாதீர்கள். தொட்டி மீன் கடலுக்கு நோயைக் கொண்டு செல்லலாம். அவ்விடத்திற்கு உரியதல்லாத இனமாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் 1985இல் முதலில் தென்பட்ட சிங்கமீன், வளர்ப்போர் கைவிட்டதால் பரவியது என்று கருதப்படுகிறது. இன்று கரீபியக் கடல் முழுதும் அது பெருகி, அங்குள்ள சிறுமீன்களை அழித்து வருகிறது. வைத்திருக்க இயலாதபோது, இடமும் பழக்கமும் உள்ள வேறொரு வளர்ப்பாளரிடம் மீனையும் தொட்டியையும் நீரோடு சேர்த்து ஒப்படையுங்கள். அப்படி ஒருவரை மீன் வாங்குவதற்கு முன்பே அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.