மண்ணுக்கு உரியது எது?

பிறந்த மண்ணை விட்டு வந்தவன், வந்து சேர்ந்த மண்ணுக்குச் செய்ய வேண்டிய கடமை யாது? இவ்வினாவை என்முன் வைத்தது நூல் அன்று. தில்லியில் எங்கள் அரசுக் குடியிருப்பின் பின்புறமுள்ள பத்தடி நிலம்.

தரைத்தள வீடு ஒதுக்கப்பெற்ற ஆண்டில், ஊரிலிருந்து கனகாம்பரச் செடியைக் கொணர்ந்து நட்டேன். தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் உரிய செடி அது. மழைக்காலத்தில் பூத்தது, தைக் குளிரில் கருகியது. மறு ஆண்டும் நட்டேன்; அதுவும் கருகிற்று. என் ஏக்கத்தின் சுமையை ஒரு செடியின்மேல் ஏற்றிவிட்டு, அதனை அன்பு என்று எண்ணியிருந்தேன்.

பின்னரே இம்மண்ணுக்குரியவை எவை என அறிய முற்பட்டேன். ஆரவல்லித் தொடரின் வடகோடியான தில்லி மலைமுகட்டில் ஞாயிறுதோறும் நடந்தேன். அங்கே வியப்பொன்று காத்திருந்தது. ‘ரோஞ்ச்’ என இங்குள்ளோர் வழங்கும் மரம் நம் வெள்வேலமே. ‘அடூசா’ என்பது நம் ஆடாதோடையே. இருமலுக்கு என் அன்னை கஷாயம் வைத்துத் தந்த அதே இலை!

அண்டை வீட்டு மூதாட்டி தம் வேலியிலிருந்து ஆடாதோடைக் கிளையொன்றை ஒடித்துத் தந்தார். ஜூலை மாதத்து முதல் மழையில் நட்டேன். என் அனுபவமின்மையை அது பொறுத்துக்கொண்டது. வேர் பிடித்தபின் அதிக நீர் வேண்டவில்லை. தெருவில் திரியும் மாடுகளும் அதனைத் தீண்டவில்லை. குளிர் தணிகையில் வெண்ணிறப் பூக்கள் மலர்ந்தன, தேனீக்கள் வந்தன.

அதே முகட்டின் பெரும்பகுதியைக் கவர்ந்து நிற்பது சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரம். ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கு நடப்பட்டது. தன்கீழ் நாட்டுச் செடிகள் தழைக்க விடாத இயல்பினது. அதனை அகற்றி நாட்டு மரங்களை வளர்க்க முயல்கின்றனர் என்று என் மகளுக்கு விளக்கினேன்.

“அப்பா, நாமும் வெளியிலிருந்து வந்தவங்கதானே? நம்மையும் பிடுங்கிடுவாங்களா?” என்றாள்.

தில்லியிலேயே பிறந்தவள் அவள். நான் திகைத்துப்போனேன். ஒருவாறு தெளிந்து இவ்வாறு விடை கூறினேன்: “நாம் ரசத்துக்குக் கரைக்கும் புளியின் தாயகம் ஆப்பிரிக்கா, கிள்ளிப்போடும் மிளகாயின் தாயகம் அமெரிக்கா. வந்தது குற்றமில்லை, அம்மா. பிறருக்கு இடமில்லாமல் பரவுவதுதான் குற்றம். மரத்துக்கு அது தெரியாது, மனிதனுக்குத் தெரியும். பிறந்த இடத்தை வைத்து மனிதனைக் களை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.”

இவ்விடை அவளுக்குக் கூறியதாயினும், எனக்கும் உரியதே. இருபது ஆண்டுகள் இந்நகரில் உண்டும் உறங்கியும், இதன் ஒரு செடியின் பெயரைக்கூட அறியாதிருந்தவன் நான். இடம் கேட்பவன், இடம் தந்ததை அறிந்துகொள்ளவேனும் வேண்டாவா?

இப்போது என் மனைவி கனகாம்பரத்தைத் தொட்டியில் வளர்க்கிறாள். குளிர் வந்தால் வீட்டினுள் எடுத்து வைக்கிறாள். நிலத்தில் ஆடாதோடை நிற்கிறது. பணி ஓய்வு பெறும் நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டுச் செல்வோம். தொட்டி எங்களோடு வரும். ஆடாதோடை இங்கேயே நிற்கும். அடுத்து வரும் குடும்பத்தில் எவர்க்கேனும் இருமல் வந்தால், இலை பறித்துக்கொள்ளட்டும்.