கேளாமல் வந்த காவல்

இரண்டாம் உலகப்போரின்போது, காரைக்குடியை அடுத்த செட்டிநாட்டில் ஆங்கிலேயர் விமான ஓடுதளம் ஒன்றை அமைத்தனர். அன்றைய அச்சம் பொய்யன்று. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்த நகரத்தார் பலர் கடைகளையும் வயல்களையும் கைவிட்டு இவ்வூர்களுக்குத்தான் திரும்பினர். அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டுகள் விழுந்தன. ஆகவே, அத்தளம் நம் காவலுக்கே என்பாரை எளிதில் மறுக்க இயலாது.

ஆயினும், 1939-இல் வைசிராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் சேர்த்தபோது நம் தலைவர்களைக் கலந்துகொள்ளவில்லை. கேளாமல் தந்த காவலுக்கு நன்றிக்கடன் உண்டா? உயிரைப் பணயம் வைத்த விமானிக்கு உண்டு; அவனை அனுப்பிய அரசு அதைக் காட்டி நம்மீது உரிமை கோர இயலாது என்றே கருதுகிறோம். பின்னாளில், நட்பு நாடான அமெரிக்காவின் தளத்துக்காக, 1973-க்குள் டியேகோ கார்சியா உள்ளிட்ட சாகோஸ் தீவுகளின் குடிகளைப் பிரிட்டன் வெளியேற்றியது. அவர்களையும் எவரும் கேட்கவில்லை.