குடும்பப் படமும் பித்ரு கடனும்

அறுபதாம் கல்யாணமோ சதாபிஷேகமோ முடிந்தபின் எடுக்கும் குடும்பப் படத்தில் உட்காரும் முறை வீட்டுக்கு வீடு அதிகம் மாறுவதில்லை. மாலையும் கழுத்துமாகப் பெரியவர்கள் நடு நாற்காலிகளில், பின்வரிசையில் மக்களும் மருமக்களும், முன்னால் சம்மணமிட்ட பேரப்பிள்ளைகள், பாட்டி மடியில் கைக்குழந்தை. இந்தச் சடங்குகளுக்குப் பெயர்பெற்ற ஊர் மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூர். மார்க்கண்டேயனின் உயிரைப் பறிக்க வந்த எமனைச் சிவன் காலால் உதைத்ததாகவும், மார்க்கண்டேயன் என்றும் 16 வயதிலேயே இருக்க வரம் பெற்றதாகவும் தலபுராணம் சொல்கிறது. ஆயுளை வேண்டிக்கொண்டு அந்தச் சந்நிதியிலிருந்து வெளியே வரும் குடும்பம் கேமரா முன் நிற்கிறது. படத்தில் எல்லாருக்கும் அன்றைய வயதுதான், என்றைக்கும். அப்படியானால் அவர்களில் பின்னாளில் இறந்தவர் அதில் ஏதோ ஒருவகையில் இருக்கிறாரா?

வைதிகச் சிராத்தத்தில் இறந்தவர் ஓரிடத்தில் நிற்பதில்லை. தந்தை வசு வடிவம், தாத்தா ருத்திர வடிவம், கொள்ளுத்தாத்தா ஆதித்திய வடிவம். ஒருவர் இறந்து, அவரை முன்னோரோடு சேர்க்கும் சபிண்டீகரணம் ஆனதும் அவர் வசுவின் இடத்துக்கு வருகிறார். மற்றவர்கள் ஒரு படி மேலேறுகிறார்கள். நான்காம் தலைமுறைக்குப் போய்விட்டவரை அதன்பின் பெயர் சொல்லி அழைப்பதில்லை. துக்கத்துக்கும் கடமைக்கும் எல்லை வகுத்த இந்த ஏற்பாட்டில் பெரிய கருணை இருக்கிறது.

படையல் போடும் வீடுகளின் வழி வேறு. சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியது 1856இல். படையல் அதற்கு எவ்வளவோ முந்தியது. வடதமிழகத்துப் பூவாடைக்காரி வழிபாட்டில் சுமங்கலியாக இறந்த பெண்ணைக் கலசமாகவும் புதுப்புடவையாகவும் கண்டு கும்பிட்டார்கள், முகம் தேவைப்படவில்லை. இன்று பல வீடுகளில் இலை போடுவது சட்டமிட்ட படத்தின் முன்னால்தான். தனியாகப் படமே எடுத்துக்கொள்ளாதவர் என்றால், ஏதோ ஒரு விசேஷத்தில் எடுத்த குடும்பப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவார்கள். கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்த அந்தப் படத்தின் ஓரத்தில், பக்கத்தில் நின்றிருந்த யாருடைய தோளோ கொஞ்சம் தெரியும்.

கோயிலில் சிலை வழிபாட்டுக்குரியதாவது பிரதிஷ்டையால். கலசத்தில் ஆவாகனம் செய்த தெய்வத்தையும் பூஜை முடிந்ததும் யதாஸ்தானம் செய்து திருப்பியனுப்பிவிடுகிறார்கள். படத்துக்குள் யாரையும் எழுந்தருளச் செய்வதில்லை. ஆகவே இறந்தவர் அதில் உறைகிறார் என்று கொள்ளச் சாத்திரத்தில் இடம் தேடுவது வீண். அதற்காகப் படம் வெறும் காகிதமாகிவிடாது. பிள்ளையில்லாத சித்தப்பாவுக்கு மகாளய பட்சத்தில், நேர்வழி முன்னோர் அல்லாத காருண்ய பித்ருக்களோடு சேர்த்து எள்ளும் தண்ணீரும் கிடைக்கும். குடும்பப் படத்திலோ அவர் அண்ணனுக்குப் பக்கத்தில் சரிசமமாக நிற்கிறார். இந்த நியாயமும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. மங்கலக் காரியங்களில் கைம்பெண்களை ஒதுக்கிய வீடுகளில் படமெடுக்கும் நேரத்திலும் அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் வேண்டியிருந்த அத்தையைப் படத்துக்கு மட்டும் வேண்டாம் என்றது பாவம்தான். அதற்குச் சடங்கைக் காரணம் காட்டித் தப்ப முடியாது.

திதியில் பெயரும் கோத்திரமும் உண்டு, முகம் இல்லை. படத்தில் முகம் உண்டு, பெயர் இல்லை. வரிசையில் நின்றவர்களை அடையாளம் சொல்லத் தெரிந்த கடைசி ஆள் போனபின், சட்டை மடிப்பும் வளையலும்கூடத் தெளிவாகத் தெரிகிற ஒரு முகம் யாருடையது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. தமிழக ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்ம வடிவில் சேகரித்திருக்கிறது. அதுபோன்ற சேகரிப்பு படத்தைக் காப்பாற்றும். உறவுமுறையைச் சொல்ல வீட்டாரால்தான் முடியும்.

அடுத்த விசேஷத்தில் எல்லாரும் பந்திக்குக் கலைவதற்குள், வீட்டின் மூத்தவரை உட்காரவைத்து, இடமிருந்து வலமாகப் பெயரும் முறையும் கேட்டு, படத்தின் பின்புறம் எழுதிவிடுங்கள்.