கொடியை நட்டவன் யார்?

டோல்கேட்டில் நின்று வடக்கே நோக்கினால் சாலை திருவொற்றியூருக்கு வழிகாட்டும், அப்பால் எண்ணூர், அதே கரையில் இன்னும் வடக்கே பழவேற்காடு. சுங்கவாயிலின் பெயரைச் சுமக்கும் இந்த இடத்திலிருந்து, இக்கரையில் முன்னொரு காலத்தில் கப்பலேறிய ஒரு சரக்கைப் பற்றிப் பேச விரும்புகிறோம். மிளகன்று, துணியன்று, மனிதன்!

பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது, கவளச் சோற்றுக்காக விற்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரைச் சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடத்தினர். இலங்கைக்குச் சென்றோர் பலர். பத்தாவியாவுக்குச் சென்றோர் பலர். பின்னர் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் குடியேற்றத்துக்கும் இக்கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அடிமைகள் சென்றனர். தாய் இட்ட பெயர் போயிற்று. விற்கப்பட்ட கரையின் பெயரே விலாசமாயிற்று.

அந்தக் கேப்பில் ஒரு திராட்சைத் தோட்டம்: குரூட் கான்ஸ்டான்ஷியா. 1685இல் சைமன் வான் டெர் ஸ்டெல் என்ற ஆளுநர் பெற்ற நிலம். 1778இல் ஹென்ட்ரிக் குளூட்டே வாங்கினார். 1885இல் அரசாங்கத்துக்கு விற்கும்வரை, நூறாண்டுக்கு மேல் அக்குடும்பத்தின் சொத்து. அங்கு வடித்த இனிப்பு மது ஐரோப்பிய அரண்மனைகளை எட்டியது. செயின்ட் ஹெலினாத் தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் அதுவே வேண்டியிருந்தது. (உலகை அடிமை கொள்ள நினைத்தவன், அடிமை பிழிந்த சாற்றில் ஆறுதல் தேடினான்!) குடும்பத்தின் கைத்திறன் என்று புகழ்ந்தனர். கொத்தியவன், நட்டவன், சுமந்தவன் கை எவருடையது? அடிமையினுடையது.

1834 டிசம்பர் 1இல் விடுதலை என்றது சட்டம். ஆனால் பயிற்சி என்ற பெயரில் இன்னும் நான்காண்டு அதே எசமானனிடம் உழைக்க வேண்டும் என்றது. பேரரசெங்கும் ஈட்டுத்தொகையாக ஒதுக்கியது 2 கோடி பவுன். பெற்றவர் யார்? எசமானர். அடிமைக்கு? அரைக்காசுமில்லை. தளை அறுந்த பிறகும் கேப் பண்ணைகளில் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே ஊற்றிக் கொடுத்தனர். அடிமையைச் சங்கிலி பிடித்திருந்தது. கூலியாளைக் குவளை பிடித்தது. தாயின் குடியால் கருவிலேயே ஊனமுறும் குழந்தைகள் உலகில் மிக அதிகமாகக் காணப்படும் பகுதிகளுள் அந்த மாநிலமும் ஒன்று.

இங்கே ஒரு வினா எழும். பிறப்பால் உயர்வில்லை என்கிறோமே, அப்படியானால் பிறப்பால் பழி மட்டும் உண்டா? பாட்டன் செய்த கொடுமைக்குப் பேரன் எப்படிப் பொறுப்பாவான்? நேர்மையான வினா, ஏளனம் செய்து ஒதுக்கத்தக்கதன்று. பேரன் குற்றவாளி அல்லன் என்பதே நம் விடை. எனினும், இறந்தவன் விட்ட சொத்தை ஏற்பவன், அச்சொத்தின் அளவுக்கு அவன் பட்ட கடனையும் ஏற்றாக வேண்டும் என்பது நாட்டுச் சட்டம். நிலம் என்னுடையது, புகழ் என்னுடையது, கணக்கு மட்டும் என்னுடையதன்று என்பவனை எந்த மன்றம் ஏற்கும்?

வெள்ளையனை மட்டும் ஏசிவிட்டு நாம் தப்ப முடியாது. பசித்தவனைப் பிடித்துத் துறைமுகத்தில் விற்ற தரகர்கள் இந்நாட்டார். பண்ணையாளைப் பரம்பரை பரம்பரையாகக் கட்டி வைத்த மிராசுதாரர் எந்தக் கப்பலில் வந்தார்? அந்த வீட்டுத் தேக்குத் தூணைத் தடவி வியக்கும் நம் தோழர்களைக் கண்டிருக்கிறோம்.

சொத்துக்கு உரியவன் கணக்குத் தீர்க்கவே முடியாதா? 1921இல் கள்ளுக்கடை மறியலின்போது, தம் தோப்பிலிருந்த 500க்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் பெரியார். மரம் என்ன பாவம் செய்தது என்றனர் சிலர். இளநீரும் தேங்காயும் போயினவே என்ற வருத்தம் நியாயமானதுதான். ஆனால் ஊரார் தோப்பைக் காட்டி உபதேசம் செய்யாமல், முதல் கோடரியைத் தம் வருமானத்தின் மீது வீசினார் அவர்.

கான்ஸ்டான்ஷியா மாளிகை 1925இல் தீக்கிரையாயிற்று, மீண்டும் கட்டினர். இன்று அருங்காட்சியகமாயிருக்கும் அவ்விடத்தில் அடிமைகளின் வரலாறும் சொல்லப்படுகிறது. பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளின் சிற்ப வேலைப்பாட்டைக் காண இன்றும் மக்கள் போகின்றனர். அக்கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களைப் பற்றி அங்கே அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்?